அழைக்காமல் போனவள்

பிள்ளையை விட்டுவிட்டு ஓடி வந்தவளாம்! தண்ணீர்க் குழாயடியில் நின்று அப்படிச் சொல்கிற வாய்களுக்கு ஆற்றைக் கடந்து மாபுலேங் வந்த கோலம் தெரியுமா? தோளில் ஒரு போர்வை, வெறும் கை, வீங்கிய கண். பிள்ளையைக் கூட்டி வராததுதான் குற்றம் என்றால், பெண் எடுக்க மாடு கொடுத்த வீட்டுக்குத்தான் பிள்ளை சொந்தம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது யார்? அதே வாய்கள்தானே?

மாபுலேங் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. புருஷன் லெஹானாவின் வீட்டில் அவளுக்காகச் செம்மறி ஆடு வெட்டி, அவளை மருமகளாக ஏற்றுக்கொண்ட அன்று மாமியார் வைத்த பெயர். புலேங்கின் அம்மா என்று அர்த்தம். பெயர் முதலில் வந்தது, பிள்ளை பிறகு வந்தது. லெஹானாவுக்கு எல்லை ஆற்றின் அக்கரையில், தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்க ஊரில் வேலை. அங்கேதான் மகள் புலேங்கைப் பெற்றாள், பள்ளிக்கு அனுப்புகிற வயதுவரை வளர்த்தாள்.

அப்புறம் ஒருநாள் லெஹானா இன்னொருத்தியைக் கூட்டி வந்து அடுப்படியில் உட்கார வைத்தான். மாபுலேங் கத்தவில்லை. மனம் நொந்தால் நம் பசோத்தோ இனத்து மனைவி செய்வதைச் செய்தாள். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தாள். அது ஓடிப்போவது இல்லை, நியாயம் கேட்பது. புருஷன் வீட்டார் வந்து தப்பை ஒப்புக்கொண்டு அழைத்துப் போக வேண்டும். அழைக்காமல் திரும்பினால் அப்புறம் அவள் பேச்சு அந்த வீட்டில் எடுபடாது. ஆகவே காத்திருந்தாள். சோளக் களி கிண்டும்போதுகூடக் கண் பாதையில்தான் இருந்தது.

வந்தது கொழுந்தன் இல்லை. பிள்ளை தனக்கே வேண்டும் என்று லெஹானா போட்ட வழக்கில், அக்கரைக் கோர்ட்டின் சம்மன்.

மாஜிஸ்திரேட் நம்மவர் இல்லை. கேட்ட கேள்விகளும் நம் கேள்விகள் இல்லை.

“உன்னை யாராவது துரத்துனாங்களா?”

“இல்லீங்க ஐயா.”

“அப்போ நீயாத்தான் போனே?”

“கோவிச்சிக்கிட்டுப் போனேங்க. வந்து அழைப்பாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்.”

“பிள்ளையை ஏன் விட்டுட்டுப் போனே?”

“அவங்க வீட்டுப் பிள்ளைங்க ஐயா. நான் எப்படித் தூக்கிட்டுப் போறது?”

அந்தப் பதிலோடு வழக்கு முடிந்துபோனது. லெஹானாவுக்கு வழக்கம் தெரியாதா? அழைக்க வந்திருக்க வேண்டிய அவன் தம்பிக்குத் தெரியாதா? இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை அப்பனிடமே இருக்கட்டும், தாய் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்கலாம், ஆனால் அந்த ஊருக்குள்ளேயே, ஆற்றைத் தாண்டிக் கூட்டிப்போகக் கூடாது என்று தீர்ப்பு.

வெளியே வந்ததும் அவளுக்காக வாதாடிய வக்கீலம்மா சொன்னாள்: “தூக்கிட்டு வந்திருந்தா, எல்லை தாண்டிக் கடத்திட்டேன்னு சொல்லியிருப்பான். விட்டுட்டு வந்தே, கைவிட்டுட்டேன்னு சொல்றான்.”

“அப்போ நான் என்னதான் பண்ணியிருக்கணும், அம்மா?”

வக்கீலம்மா காகிதக் கட்டுகளை எடுத்துப் பையில் வைத்தாள்.

மாபுலேங் அந்தச் சுரங்க ஊரிலேயே ஒரு வீட்டில் துணி துவைக்கும் வேலை பிடித்தாள். பிறந்த வீட்டில் அவள் மூட்டை கட்டுவதைப் பக்கத்து வீட்டு மாகரபோ எட்டிப் பார்த்தாள்.

“என்னடி, மாமியார் வீட்ல மறுபடி ஆடு வெட்டுறாங்களா? வாசல்ல அழைக்க வந்தவங்க யாரையும் காணோமே!”

“எனக்கு வெட்டுன ஆடு எப்பவோ செரிச்சுப் போச்சுக்கா. உங்க வாய்க்குத்தான் இன்னும் பசி அடங்கல.”

அப்பா லெபுசா சிரிக்கவில்லை. “அவன் ஊருக்கே நீ குடிபோனா, அழைக்காமலே வந்துட்டாள்னுதான் சொல்லுவாங்க. அப்புறம் எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு நான் அவங்ககிட்ட நியாயம் கேக்குறது?”

“கேட்டு இதுவரைக்கும் யாருப்பா வந்தாங்க? புலேங்குக்குப் பல்லு விழுந்து முளைக்கிற வயசு. என் முகம் மறந்துபோயிடும்.”

“வாசலைத் தாண்டுனா உனக்காகப் பேச எனக்கு வாய் கிடையாது. யோசிச்சுக்கோ.”

குளிர்காலக் காலை. பாதையெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடந்தது. லெபுசா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மாபுலேங் ரொட்டியைத் துணியில் முடிந்தாள். “போயிட்டு வரேம்பா” என்றாள்.

வாசலில் ஒரு நொடி நின்றாள். பழக்கதோஷம், கண் பாதையின் கோடிவரை போய்ப் பார்த்தது. அழைக்க யாரும் வரவில்லை.

வாசலைத் தாண்டி நடந்தாள்.