ஆறு நாள் பொறுக்கச் சொன்னேன்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில், என் வீட்டில் காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள். பத்து காஜா ஊர்ப் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய வீடமைப்பில் இருக்கிறாள். சேலைக்கு ரவிக்கை தைப்பது அவள் தொழில்.

“அண்ணே, முந்தாநாள்லேருந்து வலது கை மரத்துப் போன மாதிரி இருக்கு. கத்திரிக்கோல் நழுவுது.”

நான் சுகாதார இலாகாவில் முப்பது ஆண்டுகள் குப்பை கொட்டி, தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். பிறப்புப் பத்திரம் முதல் இறப்புப் பத்திரம் வரை எல்லாருக்கும் பாரம் என்கிற படிவங்களை நிரப்புகிறவர். எங்கள் வீட்டில் டாக்டர் சொல்வதுகூட நான் தலையாட்டிய பிறகுதான் செல்லும். இந்தப் பதவிக்கு ஓய்வு வயதும் கிடையாது.

அதற்கு முந்தைய ஆண்டு அவளுக்கு ஒரு கண் மங்கியது. மூளையையும் நரம்புகளையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்று சந்தேகப்பட்டு, முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். “முதுகுல ஊசி போட்டா கால் வெளங்காம போயிரும்னு சொல்றாங்களே, மச்சான்” என்று அவள் கணவர் பயந்தார். நான் சிரித்தேன். விளக்கம் சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். அதில் நான் தவறவில்லை. அந்த நீரில் அழற்சியின் அடையாளங்கள் தெளிவாக இருந்தன. கண் தேறினாலும் உள்ளே நோய் ஓயவில்லை, மறுபடி தாக்கலாம், புதிதாக ஏதாவது ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் உடனே வாருங்கள் என்றார் டாக்டர். அந்த அறிக்கையை மூன்று நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோப்பில் வைத்தவன் நான்தான்.

ஆனால் அன்று எனக்கு நினைவில் வந்தது வேறு. அடுத்த வியாழக்கிழமை அவளுக்கு அதே டாக்டரிடம் அப்பாய்ன்ட்மென்ட் இருந்தது. அவசரப் பிரிவுக்குப் போனால் அரை நாள் உட்கார வேண்டும், அவள் கோப்பும் அங்கே இருக்காது.

“வியாழக்கிழமைதான் இருக்குல்ல, பொறு. அதுவரைக்கும் என்ன செய்யுது, எத்தன மணிக்குன்னு தினமும் நோட்டுல எழுது. டாக்டருக்கு ஆதாரம் வேணும்.”

அவள் கணவர் போனை வாங்கினார். “மச்சான், நான் இப்பவே கார எடுக்குறேன்லா.”

“முறைன்னு ஒன்னு இருக்கு, மச்சான்.”

அவர் போனை வைத்துவிட்டார்.

தினமும் போன் செய்து, எழுதினாயா என்று கேட்டேன். எழுதினேன் என்றாள்.

வியாழக்கிழமை, கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்தபடி வந்தாள். ஈப்போ மருத்துவமனையில் அந்த நோட்டை, தணிக்கைக்குக் கோப்பு நீட்டுகிற பெருமையோடு டாக்டரிடம் கொடுத்தேன். அவர் அதைப் படிக்கவில்லை. எழுத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை எழுத்து குண்டு குண்டாகக் கோட்டின் மேல் நின்றது. திங்கட்கிழமை கோட்டை விட்டு இறங்கியிருந்தது. புதன்கிழமைப் பக்கத்தை அவளாலேயே வாசிக்க முடியவில்லை. இதை யாரும் பார்க்கவில்லையா என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

ஐந்து நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். கால் தேறியது. கை முழுதாகத் திரும்பவில்லை. வெட்டி வைத்திருந்த துணிகளைத் தீபாவளிக்கு முன், தைக்கக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் கணவர் வாசல் கேட் அருகே நின்று எடுத்துக் கொடுத்தார். அவள் வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமையே வந்திருந்தால் கை பிழைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சீக்கிரம் தேறியிருக்கலாம், முழுதாகத் தேறியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். ‘சொல்ல முடியாது’ என்று எழுதி வந்த பாரங்களை முப்பது ஆண்டுகள் திருப்பி அனுப்பியவன் நான். இதைத் திருப்பி அனுப்ப எனக்கு இடமில்லை.

ஸ்டீராய்டு ஏற்றிய நாட்களில் ஒருநாள், வார்டில் அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, என் தப்புதான் என்று தொடங்கினேன்.

“விடுங்கண்ணே. நீங்க பொறுன்னு சொன்னீங்கல்ல, அதான் அந்த ஆறு நாளும் நான் பயப்படாம இருந்தேன்.”

ஆறுதலாகத்தான் சொன்னாள். பயந்து ஓடி வந்திருக்க வேண்டியவளை என் குரல்தான் பயமில்லாமல் வீட்டில் உட்கார வைத்தது என்பதை, இன்றும் யாராவது என்னிடம் யோசனை கேட்டு வரும்போதெல்லாம், வாயைத் திறப்பதற்கு முன் நினைத்துக்கொள்கிறேன்.