காணாமல் போன டிசம்பர் வாடகை

எனக்குச் சந்தேகக் குணம் கூட. கடையில் மிச்சக் காசு தந்தால் அங்கேயே நின்று இரண்டு தரம் எண்ணுவேன். எனக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளையின் கனடாக் கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மாமியாரிடம் அன்றைக்கே கெட்ட பெயர் எடுத்தவள் நான். கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருந்த கட்டடத்தில் ஆருக்கு இங்கிலீசுக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவள் என்பதால் மட்டுமல்ல, எழுதியிருப்பதை நம்பாமல் மூன்று தரம் வாசிப்பேன் என்பதாலும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பர் மாதம், பதினாலாம் மாடியில் தனியாக இருந்த அன்ரி இரண்டு கடிதங்களோடு வந்து கதவைத் தட்டினா. புருசன் செத்த பிறகு அவவுக்கு மனம் சரியில்லை. கதைத்துக்கொண்டே இருப்பா, நடுவில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்ப்பா. அரசாங்கம் தருகிற வெல்பெயர் காசில் சீவியம். அந்த வருடம் அதையும் வெட்டிக் குறைத்திருந்தார்கள்.

முதல் கடிதம் வாடகை வாங்குகிற கட்டட அலுவலகத்திலிருந்து, எங்கள் பேச்சில் கந்தோரிலிருந்து, வந்தது. டிசம்பர் வாடகை வரவில்லை, மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் வீட்டை எடுக்க வழக்குப் போடுவோம் என்று இருந்தது. இரண்டாவது வெல்பெயர்க்காரருடையது. வாடகைக்கென்று நாங்கள் தருகிற காசு வாடகைக்குத்தான் போகிறதா, அத்தாட்சி காட்டு, காட்டாவிட்டால் அந்தப் பங்கை நிறுத்துவோம் என்றது.

"வாடகை கட்டினதோ அன்ரி?"

"கட்டினது பிள்ளை. நான் ஒரு மாசமும் பிந்தினதில்லை. செப்டெம்பரிலையும் உப்பிடி ஒரு கடிதம் வந்தது. பயத்திலை திரும்பவும் கட்டினன்."

"திரும்பவும் கட்டினீங்களோ? எந்தக் காசிலை?"

"சாப்பாட்டுக் காசிலை." சுவரைப் பார்த்தா. பிறகு மெல்லச் சொன்னா: "வீடு போனால் போன் போயிடும் பிள்ளை. போன் போனால் என்ரை பிள்ளை ஆருக்கு அடிக்கிறது?"

அவவின் ஒரே மகன், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனோடு கொழும்பிலிருந்து வெளிக்கிட்டு ஐந்து மாதம். எந்த நாட்டில் நிற்கிறான் என்று தெரியாது. வழியில் துண்டு துணுக்கு எல்லாவற்றையும் பறித்துவிடுவார்கள் என்பதால் தாயின் போன் நம்பரைப் பாடமாக்கிக்கொண்டு வந்தவன். அந்த நம்பர் ஒன்றுதான் அவனிடம் இருந்தது. அன்ரி சாமான் வாங்கக்கூட அரைமணிக்கு மேல் வெளியே நிற்கமாட்டா.

எனக்கு மூக்கில் வியர்த்தது. ரசீதுகளைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்தா. கோடை தொடக்கம் உள்ளவைதான் இருந்தன. கந்தோர்க்காரர் எந்த மாதத்து வாடகை என்று அதில் எழுதுவதில்லை. திகதி, வீட்டு இலக்கம், தொகை, அவ்வளவுதான். நிலத்தில் விரித்து மாதவாரியாக அடுக்கினேன். ஓகஸ்டில் இரண்டு இருந்தன, ஒன்று மாதத் தொடக்கத்தில், மற்றது முப்பத்தோராம் திகதி. செப்டெம்பரில் பயத்தில் கட்டியது மட்டும். ஒக்டோபரில் ஒன்று. நொவெம்பரில் திரும்பவும் இரண்டு, இரண்டாவது முப்பதாம் திகதி. டிசம்பரில் ஒன்றும் இல்லை.

"காசை ஆர் கொண்டுபோய்க் கட்டிறது?"

"டாக்ஸி ஓடுற தம்பி. பாவம், அவர்தான் மாசாமாசம் கொண்டுபோறவர். செப்டெம்பரிலை மட்டும் வெக்கத்திலை அவரிட்டைச் சொல்லாமல் நானே போனனான். எத்தினை தரம்தான் அவரைக் கரைச்சல் படுத்திறது?"

ஆகா, பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். டாக்ஸி அண்ணை எங்கள் கட்டடத்தில் ஆறாம் மாடி. கதை குறைவு, எல்லாருக்கும் உதவி. ஒன்றும் வாங்காமல் உதவி செய்கிற ஆளைக் கண்டால் எனக்கு முதலே கண்ணுக்குள் குத்தும். என் கணக்கு இப்படிப் போனது: கோடைக்கு முந்தி எங்கோ ஒரு மாதக் காசை ஆள் ஏப்பம் விட்டிருக்கிறார், பயம் வந்ததும் ஓகஸ்ட் கடைசியில் கட்டிச் சமாளித்திருக்கிறார், பிறகு செப்டெம்பர்க் காசை விழுங்கி நொவெம்பர்க் கடைசியில் கட்டியிருக்கிறார், இப்போது டிசம்பரையும் விழுங்கியாயிற்று. இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் இரண்டு ரசீது எப்படி வரும்? எவ்வளவு சுத்தமாகப் பொருந்தியது! கச்சேரியில் இருந்த காலத்தில் இப்படி எத்தனை பேரைக் கண்டிருப்பேன். அன்ரிக்கும் அதை விளக்கிச் சொன்னேன்.

"அந்தத் தம்பி அப்பிடி ஆளில்லை" என்றா அன்ரி.

"நீங்கள் ஒருத்தரையும் அப்பிடி ஆள் எண்டு சொல்லமாட்டீங்கள்" என்று அவவின் வாயை அடைத்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் கீழே லிப்ட் வாசலில் அவரைக் கண்டேன். வேலைக்குப் போகிற அவசரம். பக்கத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு மூன்று பேர் லிப்டுக்கு நின்றார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எனக்கு அந்த நேரம் பொறுமை எங்கே?

"அண்ணை, பதினாலாம் மாடி அன்ரியின்ரை டிசம்பர் வாடகை எங்கை?"

"கட்டியாச்சே தங்கச்சி."

"டிசம்பரிலை ரசீதில்லை. செப்டெம்பரிலையும் நீங்கள் கட்டின ரசீதில்லை. மகன் வழியிலை நிக்கிற ஒரு விதவைப் பொம்பிளையின்ரை காசு அது. வேறை ஆரின்ரை காசிலையும் கையை வைச்சிருந்தாலும் பரவாயில்லை."

நின்றவர்கள் லிப்டை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். அவருடைய முகம் செத்துப்போனது. கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் இன்னும் நாலு கொடுத்திருப்பேன்.

"அன்ரி சொன்னவவோ?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை, நான்தான் சொல்லுறன்."

"கந்தோரிலை போய்க் கேளுங்கோ." போய்விட்டார். ஆள் நழுவுகிறார் என்று நான் பக்கத்தில் நின்றவர்களுக்கு விளக்கமும் சொன்னேன்.

மறுநாள் காலை அன்ரியைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்த வெள்ளைக்காரப் பெண் எங்கள் இருவரையும் நான் டாக்ஸி அண்ணையைப் பார்த்த மாதிரியே பார்த்தாள். அத்தாட்சி இருந்தால் காட்டு என்றாள். ரசீதுகளை மேசையில் அடுக்கினேன். பதினாலாம் மாடி வீட்டுக்குரிய அட்டையை எடுத்து விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். எல்லா ரசீதுக்கும் பதிவு இருந்தது. ஆனால் ஓகஸ்ட் முப்பத்தொன்றும் நொவெம்பர் முப்பதும் வாடகைப் பக்கத்தில் இல்லை. மாத வாடகை ஏற்கெனவே கட்டியாயிற்று, ஆகவே இது வீடு விடும்போது கழிக்கிற கடைசி மாத முற்பணமாக்கும் என்று நினைத்து, புதிதாக வந்த கிளாக் ஒருவர் அந்தப் பக்கத்தில் எழுதிவிட்டாராம்.

"வாடகையை ஒரு நாள் முந்தியே கட்டுகிற ஆளை இந்தக் கட்டடத்தில் நான் கண்டதில்லை. ஏன் அப்படிக் கட்டினா?" என்று கேட்டாள்.

நான் அன்ரியிடம் திரும்பினேன். "ஏன் அன்ரி அந்த ரண்டு மாசமும் ஒரு நாள் முந்தியே குடுத்து விட்டனீங்கள்?"

அன்ரி என்னைப் பார்த்த பார்வையில் ஆச்சரியம்தான் இருந்தது. "என்ன பிள்ளை கேக்கிறீர்? ஒண்டாந்திகதி வெள்ளிக்கிழமையெல்லே. வெள்ளிக்கிழமை வீட்டாலை காசு வெளியிலை குடுக்கிறதே? அதுதான் வியாழக்கிழமையே கொண்டுபோகச் சொன்னனான். பாவம், தன்ரை வாடகையை அடுத்த நாள் கட்டப் போறவர், என்ரை காசுக்காக ரண்டு தரம் ஏறி இறங்கினவர்."

சுவரில் கலண்டர் தொங்கியது. டிசம்பர் முதலாம் திகதி வெள்ளி. ஓர் இதழைப் புரட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே! என் அம்மா வெள்ளிக்கிழமையில் பக்கத்து வீட்டுக்கு ஒரு பிடி உப்புக் கொடுக்கமாட்டா. நானே வெள்ளியில் கடன் கொடுப்பதில்லை. அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தெரியாததில் நியாயம் இருக்கிறது. எனக்கு என்ன வந்தது? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கந்தோர்ப் பெண் நல்லவள்தான். அங்கேயே அட்டையைத் திருத்தினாள். பிழையாக வைத்திருந்த இரண்டு மாதக் காசில் ஒன்று செப்டெம்பருக்கும் மற்றது டிசம்பருக்கும் போனது. செப்டெம்பரில் சாப்பாட்டுக் காசில் கட்டியது மேலதிகம் என்று ஜனவரி வாடகையில் கழித்தாள். வெல்பெயருக்குக் காட்ட ஒரு கடிதமும் அடித்துக் கையெழுத்து வைத்துத் தந்தாள். நான் அதை மூன்று தரம் வாசித்தேன். பிழை ஒன்றும் இல்லை. வீடு தப்பியது, போனும் தப்பியது.

லிப்டில் ஏறும்போது அன்ரி சந்தோசப்படுவா என்று பார்த்தேன். மூலையில் ஒதுங்கி நின்றா.

"இனி ஒருத்தரும் உங்களை வீட்டாலை எழுப்பேலாது அன்ரி. ஏன் ஒரு மாதிரி நிக்கிறீங்கள்?"

"நேற்று அந்தத் தம்பி வந்து என்ரை வீட்டுத் திறப்பைத் தந்திட்டுப் போட்டார். எனக்கு ஏதும் வருத்தம் வந்து விழுந்தால் கதவைத் திறக்கட்டும் எண்டு குடுத்து வைச்சனான். இனி வேறை ஆரிட்டையும் குடுங்கோ அன்ரி எண்டார். கீழை நீர் கேட்டதை ஆரோ எனக்கும் சொன்னவை." லிப்ட் எண்களைப் பார்த்துக்கொண்டே சொன்னா. "ஒரு மாசக் காசு போனாலும் போயிருக்கலாம் பிள்ளை. என்ரை பிள்ளை எந்த நேரம் வந்து இறங்கினாலும் எயாப்போட்டுக்கு நான் போவன் எண்டு சொன்ன மனிசன். இனி ஆர் போறது?"

எனக்குக் கார் ஓடத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அது பதில் இல்லை. பதினாலாம் மாடியில் அவவை விட்டுவிட்டு ஆறாம் மாடிக்கு இறங்கினேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. கதவைத் தட்டினேன். சங்கிலியைக் கழற்றாமல் ஒரு சாண் திறந்து பார்த்தார்.

"இப்ப என்ன காணேல்லை?" என்று கேட்டார்.

"ஒண்டும் இல்லை அண்ணை. கந்தோரிலைதான் பிழை. நான் மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"சரி."

"அன்ரியின்ரை மகன் வந்தால்..."

"வந்தால் அன்ரியை எனக்குப் போன் அடிக்கச் சொல்லுங்கோ, நான் போவன்" என்றார். எப்போதும் தங்கச்சி என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. "நீங்கள் அடிக்காதேங்கோ."