ஜெனரேற்றர் நின்ற பிறகும் அழுத்திய கைகள்

2004 ஒக்ரோபர் 12, செவ்வாய்க்கிழமை, காலை 10.20. தூறல். கிளிநொச்சியில் எங்கள் விவசாயக் கடன் அலுவலகத்தின் ஜெனரேற்றர் நின்றது. ஐந்து கணினித் திரைகளும் கறுத்தன.

நான் அங்கே கணினிப் பொறுப்பாளர். அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது. டிக், டிக். ஐந்து பேரும் கறுத்த திரையைப் பார்த்தபடி மவுஸை அழுத்திக்கொண்டிருந்தார்கள். பதினேழு டிக் எண்ணினேன். பிறகுதான் எழுதுவினைஞர் புஷ்பம் கையை எடுத்தார்.

டிஸ்கெற் ஒன்றால் வைரஸ் புகுந்த நாள் முதல், திங்கள்தோறும் புதுக் கடவுச்சொல், டிஸ்கெற்றுக்கு இரண்டு சோதனை என்று சட்டம் போட்டவன் நான். திரையில் எச்சரிக்கைப் பெட்டி மணிக்கு இருபது தரம் எழும். ஜெனரேற்றர் ஓடுவதோ நாளுக்கு நான்கு மணித்தியாலம். அதற்குள் தண்ணீர் குடிக்கவும் யாரும் எழும்புவதில்லை.

"கடைசியாய்ப் பெட்டி என்ன கேட்டது, பிள்ளை?" என்று புஷ்பத்திடம் கேட்டேன்.

"தெரியேல்லை அண்ணை. கேட்டது, ஓம் எண்டு அமத்தினன்."

மாரி மழையை நம்பிய காலபோக நெல் விதைப்பு நேரம். விசுவமடுவில் 212 குடும்பங்களுக்கு விதைநெல் கொடுக்கும் பட்டியல் அந்தக் கணினியில்தான் இருந்தது.

ஜெனரேற்றரைத் திருத்தக் கால்மணி நேரம் பிடித்தது. எல்லோரும் வெளியே பாலை மரத்தடியில் இருந்தோம். ஐவரின் விரல்களும் மடியில் மவுஸை அழுத்துவதுபோல் அசைந்தன.

"என்ரை விரலுக்குத் தனிச் சம்பளம் போடுங்கோ அண்ணை, அது நான் இல்லாமலே வேலை செய்யுது" என்றார் கணக்காளர் றஹீம். சிரித்த பிறகுதான் விரல்கள் ஓய்ந்தன.

மின்சாரம் வந்தது. புஷ்பத்தின் திரையில் பெட்டி எழுந்தது. இம்முறை அவர் வாசித்தார்.

"விசுவமடுப் பட்டியலிலை வைரஸாம். அழிக்கட்டோ எண்டு கேக்குது." கொஞ்சம் பொறுத்து, "இப்பிடி முந்தியும் ரெண்டு தரம் கேட்டது போலை கிடக்கு."

வைரஸை மட்டும் நீக்கிப் பட்டியலைக் காப்பாற்றினேன். ஆனால் வேறு இரண்டு ஊர்களின் பட்டியல்கள் ஏற்கெனவே அழிந்திருந்தன. புஷ்பத்துக்கு அழித்த நினைவே இல்லை. சைக்கிளில் போய்ப் பெயர்களைத் திரும்ப எழுதி வந்தோம். அந்த ஊர்களுக்கு நெல் ஒன்பது நாள் பிந்தியது.

பாதிச் சட்டங்களை நீக்கினேன். தினமும் 10.20க்குக் கால்மணி நேரம் எல்லோரும் திரையை விட்டு மரத்தடிக்குப் போகவேண்டும் என்றேன். அந்தப் பழைய ஜெனரேற்றரை இடையில் நிறுத்தினால் மீண்டும் ஓட்டுவது பெரும்பாடு; அதனால் அது ஓடிக்கொண்டேயிருக்கும்.

"மெசின் ஓடேக்கை மரத்துக்குக் கீழை இருக்கிறதுக்கு ஆர் டீசல் காசு தாறது?" என்றார் முகாமையாளர்.

"என்ரை சம்பளத்திலை பிடியுங்கோ."

இளையவர்களே, எச்சரிக்கையைக் கூட்டுமுன் அதை வாசிக்கும் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். போரால் அலுவலகம் இடம்பெயரும்வரை மாதாமாதம் அந்த டீசல் காசைப் பிடித்தார்கள். மொத்தம் 11,340 ரூபாய்.