கோட்டுக்கு வராத மூன்று ஞாயிறுகள்

"அண்ணை, நாளைக்குத்தான் கடைசி நாள்!" என்று பதினைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் மேசைக்குள் கையை நீட்டினால், கணித ஆய்வில் கணிதத்தைத் தவிர மற்ற எல்லாம் ஒழுங்காக இருக்கும். எங்கள் தொழில் அப்படி.

தர்மபுரத்தில் ஒரு போட்டோக் கொப்பிக் கடையில் நிற்கிறேன். வயது பத்தொன்பது. சாதாரண தரச் சோதனையில் கணிதத்துக்கு டபிள்யூ, அதாவது பெயில். அதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இப்போது தரம் பத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் செய்து கொடுக்கவேண்டிய கணித ஆய்வை ரைப் பண்ணி, ஒழுங்குபடுத்தி, மட்டை போட்டுக் கொடுக்கிறேன். சிரிக்க வேண்டாம். பிள்ளையின் ஒப்படையைத் தாங்களே குந்தியிருந்து எழுதிய தாய் தகப்பன் உங்களிலும் இருக்கிறீர்கள். பிரின்ற் எடுக்க என்னிடம்தானே வந்தீர்கள்.

முன்னட்டை

பள்ளிக்கூடத்துக் கணித சேர் புள்ளி போடுகிற தாளின் கொப்பி ஒன்று எங்கள் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. முன்னட்டைக்கு இவ்வளவு, பொருளடக்கத்துக்கு இவ்வளவு, நோக்கம், தரவு, வரைபு, முடிவு, நன்றியுரை என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. கணக்குச் சரியா என்று கேட்கிற வரி எது என்று நானும் ஒரு வருடமாகத் தேடுகிறேன்.

போன கிழமை ஒரு பொடியன் வந்தான். முன்னட்டை மட்டும் வேண்டுமாம். பின்னால் நீலம், எழுத்து தங்க நிறம், மூலையில் ஒரு ரொக்கெட். அரை மணித்தியாலம் பக்கத்தில் நின்று ரொக்கெட்டை இடம் மாற்றிக்கொண்டே இருந்தான். "சரி, உள்ளுக்கு என்ன ஆய்வு?" என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"உள்ளுக்கு என்னத்தையாவது வையுங்கோ அண்ணை, சேர் மட்டையைத்தான் தடவிப் பாக்கிறவர்."

நோக்கம்

எங்கள் கொம்பியூட்டரில் ஒரு பழைய ஆய்வு கிடக்கிறது. எந்த நகரத்துப் பள்ளிக்கூடத்தில் யார் செய்ததோ தெரியாது. தலைப்பு, பாடசாலைக்கு முன்னால் போகும் வாகனங்கள். அவசரத்தில் வருகிற எல்லாருக்கும் அதில்தான் பெயரை மாற்றிக் கொடுப்போம். நான் கடைக்கு வர முன்பே இருந்த வழக்கம். நானும் மாற்றவில்லை. அலுப்பு.

ஒரு நாள் மத்தியானம் ஒரு தகப்பன் மகனின் ஆய்வைத் தூக்கிக்கொண்டு வந்தார். நெடுங்கேணியில் அலுவல் முடித்து, பஸ் மாறி மாறி வந்து இறங்கிய புழுதி முகத்தில் அப்படியே இருந்தது. கொப்பியை என் முன்னால் விரித்து ஒரு வரியில் விரலை ஊன்றினார்.

"தம்பி, பள்ளிக்கூடத்துக்கு முன்னால நிமிஷத்துக்கு எட்டு பஸ் போகுதெண்டு கிடக்கு. நான் ஒண்டுக்கு ரெண்டு மணித்தியாலம் காய்ஞ்சிட்டு வாறன். மற்ற ஏழும் எந்த ரோட்டால போகுது?"

கயிறு

தரம் பத்தில் படிக்கிற கவிதா கொப்பி கொண்டுவரவில்லை. கடைப்பை ஒன்றுக்குள்ளிருந்து ஈரம் காயாத நைலோன் கயிற்றை எடுத்து மேசையில் போட்டாள். வீட்டுக் கிணற்றுக் கயிறு. அதில் கலர் கலராக நூல்கள் கட்டியிருந்தன.

மூன்று கிழமையாக ஒவ்வொரு நாள் பின்னேரமும் வாளியைத் தண்ணீரில் தொடும்வரை இறக்கி, கிணற்றுக் கட்டில் கயிறு படுகிற இடத்தில் நூல் கட்டியிருக்கிறாள். கிழமையில் ஏழு நாளுக்கும் ஏழு நிற நூல்; எந்த நிறத்துக்குப் பிறகு எந்த நிறம் என்று ஒரு துண்டில் எழுதியிருந்தாள். கோடையில் கிணறு ஒவ்வொரு நாளும் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் ஆய்வு. வீட்டில் அளவு நாடா இல்லையாம். ஒரு வருடத்தில் என் கடைக்கு வந்த முதல் உண்மையான தரவு அது. வாளி கட்டுகிற முடிச்சுக்கூட அவிழாமல் இருந்தது.

அவளுடைய ஆட்கள் தாத்தா காலத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இங்கே வந்தவர்கள். காணி வெட்டி, கிணறு தோண்டி, தோட்டம் செய்து இவ்வளவு காலமாகியும் வகுப்பில் அவர்களுக்குப் பெயர் 'தோட்டத்துப் பிள்ளையள்'தான். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே ஒரு ஆய்வுதான் கல்வி வலயப் போட்டிக்குப் போகும். இந்தமுறை தன்னுடையது போகவேண்டும் என்று அவள் நினைத்தாள். அவர்கள் பக்கத்திலிருந்து இதுவரை ஒன்றும் போனதில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கயிற்றைப் பார்த்து யோசித்தாள்.

"அண்ணே, இத உங்க மிசின்ல வச்சா ஸ்கான் ஆகுமா?"

கயிற்றுக்காரி

ஸ்கான் ஆகாது. ஒவ்வொரு நூலாக நான்தான் அளக்கவேண்டும். நாளைக்குத் தருகிறேன் என்று வாங்கி வைத்தேன். அடுத்த நாளும் கடையில் சனம். கயிறு ரோணர் மைப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது.

பத்து மணிபோல ஒரு பெண் வெறும் வாளியோடு கடைக்குள் வந்தார். கவிதாவின் அம்மா. அவா கோபப்படவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. போட்டோக் கொப்பி எடுக்க நின்ற இரண்டு ரீச்சர்மாருக்கும் பின்னால் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் வாளியை என் மேசையில் வைத்தா.

"புள்ள படிக்கட்டும் தம்பி, வேணாங்கல. ஆனா நேத்திலேருந்து நாங்க யாரும் குளிக்கல."

வரைபு

அவாவை இருக்கச் சொல்லிவிட்டு அரை மணித்தியாலத்தில் எல்லா நூலையும் அளந்து, நிறத்தோடு எழுதி வைத்துக்கொண்டு, கயிற்றைக் கொடுத்து அனுப்பினேன். எண்களை அவளுடைய துண்டிலிருந்த நிற வரிசைப்படி கொம்பியூட்டரில் போட்டேன். வரைபு வந்தது. நாளுக்கு ஒரு குத்தாக இருபத்தொரு குத்துகளில் பதினெட்டு, ஒரு கோட்டில் இறங்கிக்கொண்டு போயின. மூன்று மட்டும் கோட்டுக்கு மேலே தனியாக நின்றன.

பள்ளிக்கூடம் விட்டதும் கணித சேர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. பூநகரியில் வீடு. ஒவ்வொரு நாளும் போய்வந்து களைத்த ஆள். வரைபைப் பார்த்தார். "கவிதாட ஆய்வைத்தான் அனுப்ப யோசிக்கிறன். ஆனா வலயத்தில பாக்கிறவைக்கு நேரமில்லை. கோடு நேரெண்டால் புள்ளியைப் போட்டிட்டுப் போவினம். இல்லாட்டில் பிள்ளையைக் கேள்வி கேட்டுக் குடைவினம். அந்த மூண்டையும் சரிப்படுத்து" என்றார். மூன்று எண்ணை மாற்றினால் போதும், குத்துகள் தானாக வந்து கோட்டில் குந்திவிடும்.

நான் கையை எடுத்துவிட்டு யோசித்தேன். கடை முதலாளி சுகந்தி அக்கா பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தா.

"நீ என்ன கணக்கு வாத்தியோ? டபிள்யூ எடுத்தனி. மாத்திப்போட்டு அடுத்ததைப் பாரடா."

முடிவு

கவிதாவும் அதையேதான் சொன்னாள். "மாத்துங்க அண்ணே. எனக்கு வலயத்துக்குப் போகணும்." அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

நான் அளந்ததில் பிழையோ என்று எழுதி வைத்ததை எடுத்துப் பார்த்தேன். மூன்றும் மஞ்சள் நூல். "மஞ்சள் எந்த நாள்?" என்றேன். ஞாயிறு என்றாள். "ஞாயிற்றுக்கிழமை உங்கட கிணத்துக்கு என்ன நடக்குது?" என்று கேட்டேன். ஏதோ சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்: "பக்கத்துக் காணிக்காரங்க வேதக்காரங்க அண்ணே. ஞாயிறு சர்ச்சுக்குப் போயிருவாங்க, அவங்க இறைப்பு மிசின் ஓடாது. அன்னைக்கு எங்க கிணத்தில தண்ணி ஏறும். அம்மா அன்னைக்குத்தான் உடுப்பெல்லாம் தோய்ப்பாங்க."

எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொன்னால். தரம் பத்தில் நான் செய்த ஆய்வு, ஆட்களின் உயரமும் செருப்பு அளவும். ஒருவரையும் அளக்கவில்லை. எண்களை நானே யோசித்துப் போட்டேன். அடிமட்டம் வைத்துக் கீறியதுபோலக் கோடு. முழுப் புள்ளி. பிறகு சோதனையில் வரைபுக் கேள்வியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். இவளோ இரண்டு கிணறுகளுக்கும் கீழே ஓடுகிற தண்ணீரை மூன்று மஞ்சள் நூலில் பிடித்து வைத்திருக்கிறாள். ஆய்வில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"அது எங்க வீட்டுக் கதை அண்ணே, கணக்கு இல்லியே."

பத்து மணி பஸ்

முடிவு என்ற தலைப்புக்குக் கீழே அந்த வீட்டுக் கதையை அவளைக் கொண்டே எழுதுவித்தேன். அரைப் பக்கம். ஒரு சொல்லும் மாற்றாமல் ரைப் பண்ணினேன். சேருக்கு ரெலிபோனில் சொன்னேன். "சரி, அதுவும் இருக்கட்டும். எதுக்கும் நேர்க்கோடு போட்டு இன்னொரு கொப்பி அடிச்சு வை. நாளைக்குப் பஸ்ஸுக்கு முன்னம் வந்து எதைக் கொண்டு போறதெண்டு பாப்பம்" என்றார். சுகந்தி அக்காவும் "ரெண்டுக்கும் நீல மட்டை போடு" என்று சொல்லிவிட்டுப் போனா.

காலையில் கவிதா வெள்ளை யூனிபோமோடு கடை வாசலில் நின்றாள். சேர் வந்து சேர, பத்து மணி பஸ் சந்தியில் ஹோன் அடித்தது. மேசையில் ஒரு கொப்பிதான் இருந்தது. "மற்றது எங்க?" என்றார். நான் மிசினில் தாள் அடுக்கினேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். வேறு வழி இல்லை, இருந்ததை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் ஓடினார்கள்.

வலயத்தில் இரண்டாம் இடம். மாகாணப் போட்டிக்கு முதலாவதுதான் போகும், ஆகவே இவள் போகவில்லை. நான் ஒன்றும் பெரிதாகச் செய்து கிழித்துவிடவில்லை. திங்கட்கிழமை சேர் வினாத்தாள் கொப்பி எடுக்க வந்தபோது, என்னைப் பார்க்காமல் மிசினைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"முதல் கேள்வியே அந்த மூண்டு குத்தைப் பற்றித்தான். இவள் கதைக்கத் தொடங்கினாள், அவையால நிப்பாட்ட ஏலாமப் போச்சு."

கணித ஆய்வுக்கு அதிக புள்ளி எடுக்கிற வழி எல்லாவற்றையும் ஆளாளுக்கு எனக்குச் சொல்லித்தந்தார்கள், எல்லாம் செய்தேன். மூன்று எண்ணை மட்டும் மாற்றச் சொன்னார்கள், அதை நான் மாற்றவில்லை.