கொதிக்க வைத்த அண்ணம்

அந்த வருடம் நாங்கள் எல்லாவற்றையும் கழுவினோம். பால் பாக்கெட், கொத்தமல்லிக் கட்டு, வீட்டுச் சாவி. ஹெப்பாளில் எங்கள் தெருச் சாக்கடையே நுரை பொங்க ஓடியது. புற்றுநோய்க்காக என் மேல்தாடையில் பாதியை எடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்த ஓட்டையை அடைக்க ஒரு செயற்கை அண்ணம் செய்து கொடுத்திருந்தார்கள். இளஞ்சிவப்பு பிளாஸ்டிக், ஓரத்தில் நான்கு பல். அதைக் கழற்றினால் குடித்த காபி மூக்கு வழியாக வரும். நான் பேசுவது எனக்கே புரியாது.

கிருமி பயத்தில் ஒரு நாள் காலை அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். நாலு புத்தகம் படித்தவன் செய்கிற காரியம். எடுத்தபோது வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. வாயில் வைத்தால், ஒரு பக்கம் உட்கார மறுபக்கம் எழுந்தது. என் மனைவி எதற்கும் கிண்டல் செய்பவள். அன்று வாயே திறக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது.

ஊரடங்கில் பல் ஆஸ்பத்திரி மூடிக் கிடந்தது. மனைவிதான் அண்ணம் செய்து கொடுத்த டாக்டரம்மாவிடம் போனில் பேசினாள். கதிர்வீச்சு வாங்கிய தாடை நாளுக்கு நாள் இறுகும், வாயில் இரண்டு விரலாவது நுழைந்தால்தான் அளவெடுக்க முடியும், இல்லாவிட்டால் புது அண்ணம் கிடையாது என்றாராம். தினமும் கண்ணாடி முன் நின்று விரலை நுழைத்துப் பார்த்தேன். பல்லுக்கு நடுவே ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி நெம்பினேன். ஒன்பதாம் நாள் இரண்டாவது விரல் கணுவில் சிக்கியது. மெலிந்த விரலாகப் பார்த்து மாற்றிக்கொண்டேன். யாரை ஏமாற்ற என்று தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவசரக் கேஸ் என்று ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். வாசலில் காவலாளி, தமிழர்தான், என் முகக்கவசம் நனைவதைப் பார்த்துப் பின்வாங்கினார்.

"ஏனுங்க, மூக்கு ஒழுகுதுங்களே?"

"சளி இல்லண்ணா, கஞ்சி" என்றாள் மனைவி.

அவர் அதை நம்பினாரா, இல்லை அருகில் வரப் பயந்தாரா, தெரியாது. விட்டுவிட்டார்.

டாக்டரம்மா தலைமுதல் கால்வரை பிளாஸ்டிக்கில் இருந்தார். நான் வாயைத் திறந்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மூச்சுக்கு அவர் பயந்தார். அவர் பயத்துக்கு நான் பயந்தேன். அளவெடுக்கும் தட்டு பல்லில் இடித்து நின்றது.

"இன்னும் ஸ்வல்ப, கொஞ்சம் தொறங்க சார்."

திறக்கவில்லை. அவர் குழந்தைகளுக்கான தட்டைத் தேடி எடுத்து, பக்கவாட்டில் சாய்த்துத் தள்ளினார். உதட்டோரம் கிழிந்தது. உள்ளே போய்விட்டது.

அடுத்த வாரம் புது அண்ணத்தை மாட்டிவிட்டு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தார். அதை வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவியும் அவரும் என் மூக்கையே பார்த்தார்கள். விழுங்கினேன். ஒரு சொட்டும் வரவில்லை.

"இன்னொரு வாய் குடிங்க" என்றார் டாக்டரம்மா. அவருக்கும் நம்பிக்கை வரவில்லை.