தும்பியை இழுத்த வலை

ஹெலிகாப்டர் திடலில் எல்லோருக்கும் அவள் ‘ரேடியோக்கா’. தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் உட்கார்ந்து, விமானிகளிடம் காற்று எந்தப் பக்கம், மழை வருமா என்று சொல்வதுதான் வேலை. அந்த விமானிகளில் ஒருவன் தும்பி. ஒல்லி உடம்பு, முட்டைக்கண், ஓரிடத்தில் நிற்காத கால். பொருத்தமாகத்தான் பெயர் வைத்திருந்தார்கள்.

காதலை அவன் ரேடியோவில்தான் சொன்னான். “தரை காலி, இறங்கலாம்” என்று இவள் முறையாகச் சொன்னால், “உங்க மனசு காலியா?” என்று கேட்டுவைத்தான். கேட்டுக்கொண்டிருந்த மற்ற விமானிகள் கொல்லென்று சிரித்தார்கள். மானம் கப்பலேறிவிட்டதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள், அவனையே கட்டிக்கொண்டாள்.

ஒரு மழைக்காலத்தில், வெள்ளத்தில் பாலம் உடைந்த ஊருக்கு அவன் மருந்து கொண்டுபோனான். பள்ளி மைதானத்தில் இறக்கிவிட்டு, ஊர் திரும்ப வேண்டிய நர்ஸை ஏற்றிக்கொண்டான். “கிளம்பறேம்மா. பசி உயிர் போகுது, சோறு எடுத்து வை” என்றான். அவ்வளவுதான். அப்புறம் ரேடியோவில் வெறும் இரைச்சல். இவள் கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

முழங்கால் உயரப் புல்லுக்குள் பழைய கைப்பந்து வலை கிடந்திருக்கிறது. ஒரு முனை இன்னும் கம்பத்தில் கட்டியபடி. ஹெலிகாப்டரின் இடது இரும்புக்கால் அதில் மாட்டிக்கொண்டது. வலப்பக்கம் எழும்பியது, இடப்பக்கம் எழும்பவில்லை. நடக்கிறவனின் காலை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. சுழன்ற இறக்கைகள் மண்ணை வெட்டிச் சிதறின.

தலைமையாசிரியர் போன் செய்தார். “ரெண்டு பேருக்கும் உயிருக்கு ஒண்ணுமில்லைங்க. பைலட்டுக்குக் கால்தான்...” அந்த நர்ஸே கட்டுப் போட்டிருந்தாள். இவள் போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

கட்டுப் பிரித்த பிறகும் அவன் முட்டி மடங்கவே இல்லை. இனிமேல் ஓட்ட முடியாது என்றார்கள். வீட்டோடு கிடந்தவன் ஒருநாள் மொட்டை மாடிக் கொடிக்கயிற்றை அறுத்தெறிந்தான்.

“துணியை எங்க காயப்போடறது, என் தலையிலயா?”

“கயித்தைப் பார்த்தாலே அந்த வலைதாம்மா தெரியுது.”

அவள் ஈரத் துணியைக் கைப்பிடிச் சுவரில் விரித்துப் போட்டாள். மறுநாள் மேலாளரிடம் போய் நின்றாள். “ஏறுற எடத்துல கீழ என்ன கிடக்குன்னு பார்க்க ஒரு ஆள் வேணும் சார். இவரை விட்டா யாரு பார்ப்பா?”

அப்படித்தான் அவன் திரும்பி வந்தான். கம்பை ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு திடலையும் சுற்றி வருவான். கம்பி, கயிறு, அடிமரம் எதையும் விடமாட்டான். “இவர் சுத்தறதுக்குள்ள நடந்தே போய்ச் சேர்ந்துடலாம்” என்று விமானிகள் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் அவன் கை காட்டாமல் யாரும் கிளம்பியதில்லை.

இருவரும் ஓய்வு பெற்றபோது, திடலில் உள்ளவர்கள் ஒரு சுற்று கூட்டிப்போனார்கள். ஆயுசு பூராவும் ஹெலிகாப்டரோடு பேசியவள் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஏறினாள். தரை விடுபடும்போது பக்கத்தில் பார்த்தாள். தும்பி கண்ணை இறுக மூடியிருந்தான். இத்தனை வருடத்தில் பயம் என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வந்ததில்லை. அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்னங்க, கண்ணைத் திறங்க. மேல வந்தாச்சு.”

அவன் இப்போது இல்லை. தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு அவள் மாடிக்கு ஏறிவிடுவாள். அது புள்ளியாகி மறையும்வரை அங்கேயே நிற்பாள்.