பூச்சியத் தகடு

என் மேசை லாச்சிக்குள் பெருவிரல் அகலத்தில் ஓர் இரும்புத் தகடு கிடக்கிறது. அதில் பூச்சியம் என்ற இலக்கம் மட்டும் அடித்திருக்கிறது. அளவுநாடாவைத் தேடும்போதெல்லாம் அதுதான் முதலில் கையில் படும்.

நான்கு வருடங்களுக்கு முன் மன்னார்க் கரையில் ஒரு கருவாட்டுச் சந்தைக்குக் கூரை வரைந்தேன். பராமெட்ரிக் முறை அப்போது எனக்குப் புதுப் பைத்தியம். கச்சான் காற்றின் வேகத்தையோ தூண்களின் இடைவெளியையோ கணினியில் சற்று மாற்றினால் போதும், கூரை முழுவதும் தானாகவே வளைந்து சரிசெய்துகொள்ளும். இருபத்துநான்கு இரும்பு வளைவுகள். ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. அவற்றை வெட்டி ஒட்டியவர் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த வெல்டிங் பாஸ்; கைவேலை தெரிந்தவர்களை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு என் வயதுதான் இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் இலக்கத் தகடு பூட்டி, அது போதாதென்று சோக்கட்டியாலும் எழுதிவைப்பார்.

கணினி பூச்சியத்திலிருந்து எண்ணும். வெட்டும் பட்டியலில் வளைவுகள் பூச்சியம் தொடக்கம் இருபத்துமூன்று வரை இருந்தன. தூண்களின் வரைபடத்தில் நானோ ஒன்றிலிருந்து இருபத்துநான்கு வரை எழுதியிருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பாஸுக்குத் தோன்றியது. தொலைபேசியில் கேட்டார்.

"மிஸ், பூச்சியம் எண்டு ஒரு வளைவு மிஞ்சிக் கிடக்கு. இருபத்திநாலாம் தூணுக்கு ஒண்டும் இல்லை. என்ன செய்யிறது?"

கொழும்பில் ஒரு கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தேன். "இலக்கத்தைப் பாத்துப் பூட்டுங்கோ பாஸ். கணினி பிழை விடாது" என்றேன்.

இலக்கத்தைப் பார்த்தே பூட்டினார். கடைசித் தூணுக்கு மட்டும் கண்மதிப்பாகப் புதிதாய் ஒன்று செய்துபோட்டார். ஒவ்வொரு வளைவும் ஒரு தூண் தள்ளி ஏறியது. தகரம் போட்டதும் கூரை சுவரோரமெல்லாம் வாய் பிளந்து நின்றது.

கட்டட வேலையை ஏற்றிருந்த கொந்தராத்துக்காரர் எல்லோர் முன்னிலும் பாஸைத் திட்டி, படம் வாசிக்கத் தெரியாதவர் என்று வேலையால் நிறுத்தினார். நான் அங்கேதான் நின்றேன். பிழை எங்கே என்பது அதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. அது என் முதல் பெரிய வேலை. வாயைத் திறந்தால் அடுத்தது வராது என்று பயந்தேன். பாஸ் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. போகும்போது மிஞ்சிய வளைவிலிருந்த பூச்சியத் தகட்டைக் கழற்றி என் கையில் தந்தார். "இதை வைச்சிருங்கோ மிஸ். உங்கட கணக்கில இதுதான் முதலாவது எண்டு இப்பதான் விளங்குது." கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன் பிறகு எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும்படி நிரலை மாற்றினேன். அப்படியும் பயம் விடவில்லை. கோப்பை அனுப்பிய பிறகும் திரும்பத் திறந்து விரல்விட்டு எண்ணுகிறேன்.

இன்று காலை, நானாட்டானில் தொடங்கப்போகும் நெல் களஞ்சியம் பற்றி அதே கொந்தராத்துக்காரர் தொலைபேசியில் பேசினார்.

"அந்த எருக்கலம்பிட்டிப் பாஸ் வேலை கேட்டு வந்தவர். படம் வாசிக்கத் தெரியாத ஆள், நீங்களும் கண்டனீங்கள்தானே. வேண்டாமெண்டு விடுவம், என்ன?"

லாச்சியைத் திறந்து தகட்டை எடுத்தேன்.

"அவர் சரியாத்தான் வாசிச்சவர். பிழை விட்டது நான். அவரையே எடுங்கோ."

"அது அவருக்குத் தெரியுமோ மிஸ்?"

"ஓம். அண்டைக்கே தெரியும்."

பேசி முடித்த பிறகு தகட்டைத் திரும்ப லாச்சிக்குள் போட மனம் வரவில்லை. மேசைமேல் வைத்திருக்கிறேன்.